திருப்பூரில் நாள்பட்ட சைனஸுக்கு நம்பிப் போக ஒரு கிளினிக்

பனியன் கம்பெனிப் பஞ்சுத் தூசியில் மூக்கடைத்தே கிடக்கிறவர்கள் இந்தக் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குத் தாராளமாகப் போகலாம். எடுத்தவுடன் ஆன்டிபயாடிக் எழுதுவதில்லை. 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது கிருமியின் வேலை மட்டும் இல்லை, பலருக்கு நம் செல்களே சுரக்கிற இன்டர்லூகின் 4, 5, 13 என்கிற புரதங்கள் இயோசினோபில் என்கிற வெள்ளை அணுக்களை வரவழைத்து, சளிச்சவ்வை வீங்க வைத்து, பாலிப் (மூக்குக்குள் வளர்கிற சதை) வரைக்கும் கொண்டுபோய் விடுகின்றன என்று டாக்டர் படம் வரைந்தே விளக்கினார். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

அந்தப் புரதங்களில் 4, 13 இரண்டின் வேலையையும் தடுக்கிற டூபிலுமாப் ஊசி, 2019ல் அமெரிக்காவில் மூக்குப் பாலிப்புக்கு அனுமதியானது, அதைப் பற்றி எங்கள் நங்கையா கேட்டதற்கு, "விலை அதிகமுங்க அம்மணி, முதல்ல உப்புத்தண்ணியில கழுவி ஸ்டீராய்டு ஸ்பிரேயை ஒழுங்கா அடிங்க" என்றார். அப்புறம், சனிக்கிழமை சாயந்திரம் கூட்டம் தாங்காது, காலையிலேயே டோக்கன் போட்டுவிடுங்கள்.