தோஹாவா, சிங்கப்பூரா: எந்தத் தேசிய நூலகம்?

கட்டடத்தைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், தோஹா. டச்சுக் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் நிறுவனம் வடிவமைத்து 2017-ல் திறந்த கத்தார் தேசிய நூலகத்தில் சுவர் சுவராக அறைகள் கிடையாது. உள்ளே நுழைந்ததுமே, ஒரு தாளை மூலையில் மடித்துத் தூக்கியதுபோல் மூன்று பக்கமும் படிப்படியாக மேலேறும் வெள்ளைப் பளிங்கு அலமாரிகளில் பத்து லட்சத்துக்கும் மேலான புத்தகங்கள் ஒரே பார்வையில் விழும். நடுவில் ஆறு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி எடுத்ததுபோல் ஒரு பள்ளம், பழுப்புக் கல் பதித்தது. பழைய கையெழுத்துப் பிரதிகளும் வரைபடங்களும் அங்கேதான். கீழடிக் குழியை மேலே நின்று எட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

சிங்கப்பூர் அப்படி வாயைப் பிளக்க வைக்காது. மலேசியக் கட்டடக் கலைஞர் கென் யாங் வடிவமைப்பில் 2005-ல் வந்த 16 மாடிக் கட்டடம். வெயிலைத் தடுக்கும் தகடுகள், நடுநடுவே தோட்டங்கள், இரண்டு பகுதிகளை இணைக்கும் பாலங்கள் என்று வெப்பநாட்டுக்கு ஏற்ற புத்திசாலித்தனம். ஆனால் தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, அதனால் தமிழ் நூல்களுக்குத் தனித் தொகுப்பே உண்டு. அந்த ஊரின் பழைய தமிழ் வெளியீடுகளைத் தேடுகிறவர்களுக்கு அதுதான் இடம்.

இரண்டுக்கும் மெட்ரோவிலேயே போகலாம். தோஹாவில் நிலையத்தின் பெயரே நூலகத்தின் பெயர்தான். ஒரு மணி நேரம்தான் இருக்கிறதா, தோஹா. நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க, என் ஓட்டு சிங்கப்பூருக்கு.