எச்.எஸ். குறியீடு சொல்லித் தருகிறோம் என்பவர்களிடம் 1,86,000 ரூபாய் இழந்தேன்

நேற்று மாலைதான் சென்னைத் துறைமுகத்திலிருந்து 40 டிரம்கள் ஓசூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தன. சரக்கு வந்ததே தவிர, 1,86,000 ரூபாய் போனது போனதுதான்.

உதிரிபாகங்களில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் கழுவுதிரவம் தயாரிப்பது எங்கள் தொழில். அதற்கான எத்தாக்சிலேட் வகை சர்ஃபாக்டன்டை (நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து எண்ணெயை நீக்க உதவும் வேதிப்பொருள்) முதன்முறையாக நேரடியாக இறக்குமதி செய்ய எண்ணியபோது, எச்.எஸ். குறியீடு, அதாவது சுங்கத் தீர்வைக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண், எதுவென்று அறிய, இறக்குமதி ஆலோசனை தரும் ஓர் இணைய நிறுவனத்தை நாடினேன். அதன் ஆலோசகர், நிறுவனப் பெயரைக் கறுப்பு மையால் அழித்த ஒரு பழைய பில் ஆஃப் என்ட்ரியை (சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவம்) மேசைமேல் விரித்து, "அண்ணா, இதே சரக்குதான், 3823இல் கொழுப்பு ஆல்கஹால் என்று போட்டால் தீர்வை குறையும்" என்றார். அந்தத் தாளைப் பார்த்த நொடியில் நம்பிவிட்டேன்; விற்பனையாளர் தந்த விவரத்தாளில் 'அயனியற்ற சர்ஃபாக்டன்ட்' என்று அச்சிட்டிருந்ததை நான் படித்திருந்தும் நம்பினேன்.

சுங்கத் துறை மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியது. சுங்கத் தீர்வைப் பட்டியலில் 34ஆம் அத்தியாயத்தின் குறிப்பு தெளிவாக இருக்கிறது: ஒரு பொருள் சர்ஃபாக்டன்ட் ஆக வேண்டுமானால், 20 டிகிரி செல்சியஸில் 0.5 சதவீதம் நீரில் கலந்து ஒரு மணி நேரம் வைத்தால் கரையாத பொருள் பிரியாமல் தெளிந்த அல்லது ஒளி ஊடுருவும் திரவமோ நிலையான குழம்போ கிடைக்க வேண்டும், நீரின் மேற்பரப்பு இழுவிசையும் மீட்டருக்கு 0.045 நியூட்டன் அளவுக்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். எங்கள் சரக்கு இரண்டிலும் தேறியதால் சர்ஃபாக்டன்டுகளுக்கான 3402க்கு மாற்றப்பட்டது. அதற்குள் டெமரேஜும் (சரக்கு துறைமுகத்தில் கூடுதல் நாள் கிடந்ததற்கான கட்டணம்) கன்டெய்னர் தடுப்புக் கட்டணமும் ஏறின. அவற்றோடு அபராதமும் ஆலோசனைக் கட்டணமும் சேர்ந்து 1,86,000 ரூபாய். இறக்குமதியின் மேல் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. வரி 18 சதவீதமாவது உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பும், இதில் ஒரு காசும் திரும்பாது.

ஆலோசனை நிறுவனத்தைக் கேட்டபோது, முதல் வாரம் "மேலாளர் கூட்டத்தில் இருக்கிறார்" என்றார்கள். பிறகு, "நாங்கள் குறியீட்டைப் பரிந்துரைத்தோம், சுயமதிப்பீட்டில் பொறுப்பு இறக்குமதியாளருடையது" என ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. குறியீட்டையும் தீர்வையையும் இறக்குமதியாளரே கணித்து அறிவிக்க வேண்டும் என்பதால், சட்டப்படி அது உண்மை என்பதுதான் எரிச்சலை இன்னும் கூட்டுகிறது. இப்போது அழைப்பையே எடுப்பதில்லை.

எச்சரிக்கையாக இவ்வளவுதான் சொல்ல முடிகிறது: சுங்க முகவர் உரிம எண் இல்லாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். பெயர் அழித்த தாளை ஆதாரமாக ஏற்காதீர்கள். ஐயம் இருந்தால் சரக்கை ஏற்றும் முன்பே, குறியீடு எதுவென்று முன்கூட்டியே தீர்ப்புத் தரும் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் விண்ணப்பியுங்கள்.