மைக்ரோகேப்சூல் என்று வெறும் எண்ணெயை விற்கிறார்கள், துணித் தொழிலில் இருப்பவர்கள் கவனம்

செல்லூரில் போர்வை, தலையணை உறை தைத்து விற்கிறோம். கொசு அண்டாத உறை வேண்டும் என்று ஒரு கடைக்காரர் கேட்டார். அதற்காக, கொசுவை விரட்டும் வாசனைப் புல் எண்ணெயான சிட்ரோனெல்லா அடைத்த மைக்ரோகேப்சூலை, அதாவது கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகளை, இங்கேயே கெமிக்கல் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் கேன் கணக்கில் வாங்கினோம். வந்தது கேப்சூலே இல்லை. தண்ணீரில் எண்ணெயைக் கலக்கிப் பால் மாதிரி வெள்ளையாக்கித் தந்திருக்கிறார்.

உண்மையான கேப்சூலில் ஒவ்வொரு எண்ணெய்த் துளியைச் சுற்றியும் பாலிமர் சுவர் இருக்கும். ஜெலட்டினும் கருவேலம் பிசின் வகையான கம் அராபிக்கும் சேர்த்து, அமிலத்தன்மையை பி.எச். 4 பக்கம் கொண்டுவந்தால், இரண்டும் ஒட்டிக்கொண்டு துளியைப் போர்த்திவிடும். அப்புறம் அந்தச் சுவரைக் கெட்டியாக்க வேண்டும். கார்பன் இல்லாத நகல் தாளுக்காக 1950களிலேயே வந்த முறை இது. சுவர் இருந்தால்தான் வாசம் மெல்ல மெல்லக் கசியும், துணியைத் தேய்த்தால் உடைந்து வரும். சுவர் இல்லாத சிட்ரோனெல்லா சில மணி நேரத்தில் காற்றோடு போய்விடும்.

எங்கள் உறையில் அதுதான் நடந்தது. பைண்டர் என்கிற பசையோடு துணியில் ஏற்றி, சூட்டில் பிடிக்க வைக்கும்போதே (க்யூரிங்) பட்டறை முழுக்க வாசம், ஒரே அலசலில் துணியில் ஒன்றுமில்லை. கேட்டால், “அண்ணே, உங்க பைண்டர் சரியில்லை” என்றார். பிறகு சூடு அதிகம் என்றார். மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படத்தையும் காட்டினார். உருண்டை உருண்டையாக, அழகாகத்தான் இருந்தது.

ஏமாற்றே அந்தப் படத்தில்தான் இருக்கிறது. தண்ணீரில் மிதக்கும் வெறும் எண்ணெய்த் துளியும் உருண்டையாகத்தான் தெரியும். என் மச்சான் வேலை பார்க்கும் கல்லூரி லேபில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் வைத்து, உலரவிட்டுப் பார்த்தோம். ஈரம் வற்ற வற்ற உருண்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் பிசுபிசுவென்று ஒரு எண்ணெய்த் திட்டுதான் மிஞ்சியது. சுவர் உள்ள கேப்சூல் காய்ந்தாலும் தனித்தனியாகவே நிற்கும், கொஞ்சம் சுருங்கலாம், அவ்வளவுதான். எனவே ஈரப் படத்தை நம்பாதீர்கள். உங்கள் கண் முன்னே உலர்த்திக் காட்டச் சொல்லுங்கள்.

சுவர் எதனால் ஆனது என்று கேட்டேன். “பாலிமர்தாண்ணே” என்பதற்கு மேல் பதில் இல்லை. எனக்கு அதிகம் கோபம் வந்தது இதில்தான். மெலமின் ஃபார்மால்டிஹைடு என்ற பிளாஸ்டிக் வகைச் சுவர் என்றால், தோலை உறுத்தும் ஃபார்மால்டிஹைடு மிச்சம் துணியில் தங்கலாம். தோலில் படும் துணிக்கு, துணிப் பாதுகாப்புச் சான்று தரும் ஓகோ-டெக்ஸ் அமைப்பு வைத்திருக்கும் வரம்பே கிலோவுக்கு 75 மில்லிகிராம். பச்சைக் குழந்தைத் துணிக்கு இன்னும் கடுமை. குழந்தை முகம் வைத்துப் படுக்கும் உறைக்கு இதைச் சொல்லாமல் எப்படி விற்கிறார்கள்?

பணம் திரும்பவில்லை. பில்லில் ‘டெக்ஸ்டைல் ஆக்சிலரி’ (துணிக்கான துணை ரசாயனம்) என்று பொதுவாக மட்டும் போட்டிருக்கிறார், கேப்சூல் என்ற சொல்லே கிடையாது. நீங்கள் வாங்கினால் சுவரின் பொருள், எண்ணெய் எத்தனை சதவீதம், துகளின் அளவு எல்லாவற்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். சாம்பிளைத் துணியில் ஏற்றி, துவைத்துப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பாதி கேன் குடோனில் இருக்கிறது. இதே சரக்கு உங்களுக்கும் வந்திருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாட்டில் தருகிறேன்.