உறுப்பினர் யார்? லெனின் கட்சியும் தோலியாத்தி கட்சியும்

கம்யூனிஸ்ட் கட்சிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று பலர் நினைக்கிறார்கள். கொள்கை அறிக்கைகளை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். யாரை உள்ளே சேர்த்தார்கள், சேர்ந்தவர் எவ்வளவு பேசலாம் என்று பார்த்தால் கதையே வேறு. இதில் ரஷ்யக் கட்சியும் இத்தாலியக் கட்சியும் இரண்டு துருவங்கள். சீனக் கட்சி கிராமத்தையும் படையையும் நம்பி வளர்ந்தது. அது தனி அத்தியாயம், இங்கே வேண்டாம்.

1903இல் ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னோடியான ரஷ்ய சமூக ஜனநாயகத் தொழிலாளர் கட்சியின் இரண்டாவது மாநாடு பிரஸ்ஸல்ஸில் தொடங்கி, போலீஸ் தொல்லையால் லண்டனுக்கு மாறியது. விதிகளின் முதல் பிரிவிலேயே சண்டை. கட்சி அமைப்பு ஒன்றில் நேரடியாக வேலை செய்பவரே உறுப்பினர் என்றார் லெனின். அமைப்பின் வழிகாட்டலில் தொடர்ந்து உதவினாலே போதும் என்றார் அதே கட்சியின் இன்னொரு தலைவரான மார்த்தவ். வாக்கெடுப்பில் ஜெயித்தது மார்த்தவ்தான்! அப்புறம் சில பிரதிநிதிகள் வெளிநடப்புச் செய்ததால் தலைமைக்கான தேர்தலில் லெனின் அணி பெரும்பான்மை பெற்றது.

ஜாரின் ரகசியப் போலீஸ் எல்லா இடத்திலும் ஊடுருவிய காலத்தில் லெனினின் கெடுபிடி நியாயமானது என்றே சொல்வேன். சிக்கல், 1917 புரட்சியில் ஆட்சி கைக்கு வந்த பிறகும் அது தளராததுதான். 1921இல் பத்தாவது மாநாடு கட்சிக்குள் தனி அணிகள் கூடாது என்று தடை போட்டது. நெருக்கடிக்காகப் போட்ட தடை, நெருக்கடி போன பிறகும் நீடித்தது. 1920இலேயே, பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளை மாஸ்கோ தலைமையில் இணைத்த கம்யூனிஸ்ட் அகிலம் தன்னோடு சேர விரும்பும் கட்சிகளுக்கு 21 நிபந்தனைகள் விதித்திருந்தது. 'கம்யூனிஸ்ட் கட்சி' என்று பெயர் வைத்துக்கொள்வதும் அதில் ஒன்று.

1921இல் லிவோர்னோவில் பிறந்த இத்தாலியக் கட்சியும் அந்த வார்ப்புதான். முசோலினி ஆட்சியில் தலைமறைவாக இருந்தவரை அது மாறவில்லை. 1944இல் மாஸ்கோவிலிருந்து திரும்பிய கட்சித் தலைவர் தோலியாத்தி கதவை அகலத் திறந்தார். கட்சியின் அரசியல் திட்டத்தை ஏற்றால் போதும், மத நம்பிக்கை தடையில்லை. கத்தோலிக்கத் தொழிலாளியும் உறுப்பினர் அட்டை வாங்கினார். உறுப்பினர் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது. 1976 தேர்தலில் 34 சதவீதத்துக்கு மேல் வாக்கு. ஆனாலும் 1947இல் அமைச்சரவையிலிருந்து வெளியேற்றப்பட்ட கட்சிக்கு, தேசிய அரசில் மறுபடி இடம் கிடைக்கவே இல்லை. பனிப்போர் விடவில்லை.

அதற்காக இத்தாலியர்களைத் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டாம். 1956இல் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்ததைத் தலைமை ஆதரித்தது. அறிவுஜீவிகள் பலர் வெளியேறினார்கள். 1969இல் தனிப் பத்திரிகை நடத்திய குழுவைக் கட்சியே நீக்கியது. கதவு அகலமானது சரி, உள்ளே பேச்சுக்கு எல்லை இருந்தது.

இருந்தாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் ஓட்டு இத்தாலிக்கே. காரணம் 1991. அந்த ஆண்டு இத்தாலிய நகரமான ரிமினியில் கூடிய கட்சி மாநாட்டில் பிரதிநிதிகள் ஓராண்டுக்கு மேல் நீண்ட விவாதத்துக்குப் பிறகு வாக்களித்துத் தங்கள் கட்சியைக் கலைத்தார்கள். ஏற்காதவர்கள் தனிக் கட்சி கண்டார்கள். அதே ஆண்டு, ஒரு கோடிக்கு மேல் உறுப்பினர்கள் இருந்த சோவியத் கட்சியை ரஷ்ய அதிபர் யெல்ட்சின் ஓர் ஆணையில் தடை செய்தார். எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்கள் சொற்பம்.