அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்க ஒரு சாயாக்கடை: பாதி சீசன் போன பிறகு

குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை போகிற வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சாயாக்கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ராத்திரி 2.30 மணிக்கு அடுப்பு பற்ற வைப்பார்கள், பகல் 11 மணிக்கெல்லாம் அடைத்துவிடுவார்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களை நம்பி நடக்கிற கடை. சாயா எப்படி, ரசவடை எப்படி என்று சொல்ல ஊரில் நிறைய பேர் உண்டு. நான் சொல்ல வந்தது வேறு. என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பாலின் பெரிய லீக்) ஆட்டம் பார்க்க இந்தக் கடை எப்படி? சிரிக்க வேண்டாம், 2025 செப்டம்பரில் இருந்து பத்து வாரம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அங்கேதான் இருந்தேன்.

எனக்கு வேலை அமெரிக்க நேரத்தில். மெடிக்கல் கோடிங், வீட்டில் இருந்தபடியே. சனி, ஞாயிறு லீவுதான், ஆனால் உடம்புக்கு அது தெரியாது, ராத்திரி 2 மணிக்கு ஆந்தை மாதிரி முழித்துக்கொண்டு கிடக்கும். திங்கட்கிழமை மீட்டிங் தொடங்கினால் அந்தப் பக்கத்து ஆட்கள் முதல் பத்து நிமிஷம் ஆட்டக் கதைதான் பேசுவார்கள். ஊமை மாதிரி உட்கார்ந்திருக்க வெட்கப்பட்டுப் பார்க்கத் தொடங்கியது, இப்போது காசு கட்டி சீசன் சந்தா எடுக்கிற அளவுக்கு வந்து நிற்கிறது.

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இதுதான் முக்கியம். அங்கே ஞாயிறு மாலை 4.25க்குத் தொடங்குகிற ஆட்டம் அக்டோபர் வரைக்கும் நமக்கு 1.55. கடை திறப்பதற்குள் அரை மணி நேரம் போய்விடும். நவம்பர் 2ஆம் தேதி அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள், அதற்குப் பிறகு 2.55. கடைக்காரர் முதல் சாயாவை ஆற்றி நீட்டவும் அங்கே பந்தை உதைக்கவும் சரியாக இருக்கிறது.

டிவி 32 இஞ்ச், சுவரில் கொஞ்சம் சரிந்து தொங்குகிறது. ஆட்டம் ஓட்ட டிவியில் சொருகுகிற ஸ்ட்ரீமிங் குச்சியை நான் கொண்டு போவேன், நெட் என் ஃபோனில் இருந்து. மழை பெய்தால் படம் நிற்கும், ஓடும், நிற்கும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் ஒரு பல்புக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான். பெஞ்சு இரண்டு, வாசல் பக்கத்துப் பெஞ்சில் சாரல் அடிக்கும். கொசு உண்டு. சாயாவில் சீனி அதிகம், குறைக்கச் சொன்னால் "சரி மக்கா" என்பார், குறைக்க மாட்டார். நான் பால் இல்லாத கட்டஞ்சாயாவுக்கு மாறிவிட்டேன், அது நன்றாக இருக்கிறது, சுக்கு தட்டிப் போடுகிறார். ஏத்தம்பழ பஜ்ஜி 4 மணிக்கு மேல்தான் வரும், சூடாக எடுத்தால் அதைத் தோற்கடிக்க ஆளில்லை. ரசவடை சுமார், சொன்னால் கோபப்படுவார், ஆனால் சுமார்தான்.

அப்படியானால் வீட்டில் 43 இஞ்ச் டிவியையும் மெத்தையையும் விட்டுவிட்டு எதற்கு அங்கே போகிறேன்? இந்த ஆட்டம் தனியாகப் பார்க்கிற ஆட்டம் இல்லை. கணக்குக்கு 60 நிமிஷ ஆட்டம், முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதில் பந்து உண்மையாக ஓடுகிற நேரம் எல்லாம் கூட்டினால் சுமார் 11 நிமிஷம். மிச்சம் முழுக்க நிற்பது, கூடிப் பேசுவது, விளம்பரம், நடுவர் கொடி, திரும்ப நிற்பது. வீட்டில் தனியாக உட்கார்ந்தால் இரண்டாவது குவார்ட்டரில் (ஆட்டத்தின் இரண்டாவது கால் பங்கு) தூக்கம் சொக்கும். சாயாக்கடையில் அந்த இடைவெளிதான் விசேஷம். ஐந்து விநாடி ஆட்டம், நாற்பது விநாடி சண்டை. "ஏன் எறிஞ்சான், ஓடியிருக்கலாமே" என்று ஒருவர் ஆரம்பித்து அடுத்தவர் பதில் சொல்லி முடிக்கவும் அடுத்த பந்து வரவும் சரியாக இருக்கும். சாயாக்கடைப் பேச்சுக்கென்றே அளவெடுத்துத் தைத்த விளையாட்டு.

கூட இருக்கிற ஆட்கள் யார் என்றால், மழைதான் தீர்மானிக்கும். மழை இல்லாத ராத்திரி வெட்டுக்காரர்கள் சாயா குடித்த கையோடு தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்விடுவார்கள், நானும் கடைக்காரரும் மட்டும். மழை என்றால் சிரட்டையில் வெள்ளம் விழும், பால் வீணாகும், வெட்டு கிடையாது, எட்டுப் பத்துப் பேர் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இந்த ஐப்பசி மழை அவர்களுக்குக் கூலி நஷ்டம், எனக்குக் கூட்டம். சொல்லவே ஒரு மாதிரி இருக்கிறது, ஆனால் உண்மை அது.

அதில் ஒரு வெட்டுக்கார மாமாவுக்கு முதல் வாரமே ஆட்டம் பிடிபட்டுவிட்டது. நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து யார்டு முன்னேறணும், இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு என்று நான் விளக்கி முடிக்கவில்லை, அவர் சொன்னார்: "பட்டை சீவுதது மாதிரியாக்கும். கொஞ்சம் கொஞ்சமா சீவணும். ஆசைப்பட்டு ஆழமா இறக்கினா மரம் போச்சு." அன்றில் இருந்து நீளமாக எறிகிற அணி எதையும் அவருக்குப் பிடிக்காது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற அணிதான் அவர் கட்சி. இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியின் ஜோனதன் டெய்லர் பெர்லின் ஆட்டத்தில் 244 யார்டு ஓடினார் என்று சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த ஆட்டம் கூடுதல் நேரம் போய் 31-25 என்று கோல்ட்ஸ் ஜெயித்தது. நமக்கு ராத்திரி 8 மணி ஆட்டம், வருஷத்தில் நல்ல நேரத்தில் வருகிற ஐந்தாறு ஆட்டத்தில் ஒன்று, ஆனால் அப்போது கடை அடைத்திருக்கும். வீட்டில் தனியாகத்தான் பார்த்தேன். இதைக் கடையின் பெரிய குறையாகவே எழுதி வைக்கிறேன்.

அந்த ஆட்டத்தோடு கோல்ட்ஸ் 8 வெற்றி, 2 தோல்வி. 2024 சீசனில் பாதிக்கும் கீழே இருந்த அணி. அவர்களுடைய அப்போதைய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) டேனியல் ஜோன்ஸை நியூயார்க் ஜயன்ட்ஸ் 2024 நவம்பரில்தான் வேண்டாம் என்று வெளியே விட்டது, 2025 நவம்பரில் ஜயன்ட்ஸ் தன் கோச்சையே வெளியே அனுப்பிவிட்டது. மாமாவிடம் சொன்னேன். "வெட்டுதவன் கை மாறினா அதே மரம் பால் தரும்" என்றார். 2024 சீசனில் நாலே ஆட்டம் ஜெயித்த நியூ இங்கிலாண்ட் பேட்ரியட்ஸும் அப்போது 8-2, அவர்களும் கோச்சை மாற்றியவர்கள்தான். டிவியில் நிபுணர்கள் ஒரு மணி நேரம் பேசுவதும் ஏறக்குறைய மாமா சொன்னதைத்தான்.

இன்னொரு ஆள் உண்டு, குளச்சலில் இருந்து மீன் ஏற்றி வருகிற வண்டிக்காரர். சொந்த ஊர் தூத்தூர் பக்கம். அந்தக் கடற்கரையில் பந்து என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், பிள்ளைகள் நடக்கப் பழகுவதற்கு முன்னால் உதைக்கப் பழகுகிற ஊர்கள். முதல் நாளே அவர் கேட்டது, "காலு படாத பந்துக்கு ஃபுட்பால்னு பேரு போட்டவன் எவம்லே?" இரண்டு மாதம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். நவம்பர் 3 விடிகாலை அவரை மடக்கினேன். ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணியின் கேம் லிட்டில் 68 யார்டு தூரத்தில் இருந்து உதைத்து ஃபீல்டு கோல் (இரண்டு கம்பத்துக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்புவது) போட்டார், என்எஃப்எல் வரலாற்றிலேயே நீளமானது, முன்பிருந்த சாதனை 66. நம் கணக்கில் 62 மீட்டர். அந்த வீடியோத் துண்டை நாலு தடவை போடச் சொன்னார். பிறகு சாயாவை மெதுவாகக் குடித்துவிட்டு, "கோலி இல்லையே" என்றார். கோல்கீப்பர் இல்லாத கோலுக்கு இதுக்கு மேல் மரியாதை அவரிடம் கிடைக்காது.

அதே ராத்திரி கடையில் முக்கியமாக ஓடியது பஃபலோ பில்ஸ், கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் ஆட்டம். சீஃப்ஸ் என்றால் 2019 முதல் 2024 வரை ஆறு சீசனில் ஐந்து தடவை சூப்பர் பௌல் என்கிற இறுதி ஆட்டம் வரைக்கும் போன அணி, குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ். கடைக்காரருக்கு அவர்தான் செல்லம், சுருட்டை முடியைப் பார்த்தே பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். அன்றைக்கு மஹோம்ஸ் 34 தடவை எறிந்து 15தான் சேர்ந்தது. எதிரே ஜாஷ் ஆலன் 26 எறிந்து 23. 28-21, பில்ஸ் ஜெயித்தது. சீஃப்ஸ் 5-4. 32 அணியில் 14 அணிதான் பிளேஆஃபுக்கு (தோற்றால் வெளியே போகிற கடைசிச் சுற்று) போகும், இப்படியே போனால் வெளியில் நிற்க வேண்டியதுதான் என்றேன். கடைக்காரர் எனக்குக் கட்டஞ்சாயா தர இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டார்.

அந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை நான் எப்படிப் பார்த்தேன் என்பதில்தான் கடை மேல் என் முதல் வழக்கு. சரியாக 5 மணிக்கு, ஆட்டம் எந்த நிலைமையில் இருந்தாலும், டிவி பக்திப் பாட்டுக்கு மாறிவிடும். கெஞ்சினாலும் நடக்காது. மிச்சத்தை பிஸ்கட் பாட்டில் மேல் ஃபோனைச் சாய்த்து வைத்து, சத்தமே இல்லாமல், நான்கு தலை முட்டிக்கொண்டு பார்க்கணும். இந்த விளையாட்டில் அசல் சமாச்சாரம் எல்லாம் கடைசிக் குவார்ட்டரில்தான் இருக்கிறது என்பதை அவருக்கு எப்படிப் புரிய வைப்பது?

அடுத்த வாரம் வேறொரு வேடிக்கை. டெட்ராய்ட் லயன்ஸ் 44-22 என்று வாஷிங்டனை முடித்தது, திரையின் அடுத்த பாதியில் சியாட்டில் சீஹாக்ஸும் அரிசோனாவை அதே 44-22. டிவி மாட்டிக்கொண்டது என்று கடைக்காரர் ரிமோட்டைத் தட்டினார், பிறகு சுவரைத் தட்டினார். இரண்டும் வேறு வேறு ஆட்டம் என்று நம்ப வைப்பதற்குள் பஜ்ஜி கருகிவிட்டது.

அங்கே காலேஜ் அணிகள் ஆடுகிற ஆட்டம் சனிக்கிழமை. அதற்குக் கடை உதவாது, அன்றைய முதல் ஆட்டங்கள் நவம்பரில் நமக்கு ராத்திரி 10.30க்குத் தொடங்கி 2 மணி வாக்கில் முடிந்துவிடுகிறது. ஆனால் கதை சொல்ல உதவும். நவம்பர் 8 ராத்திரி இண்டியானாவும் பென் ஸ்டேட்டும். இண்டியானா காலங்காலமாகத் தோற்றே பெயர் வாங்கிய அணி, கர்ட் சிக்னெட்டி என்ற கோச்சுக்கு முதல் சீசன் 2024, 2025 சீசனில் இந்த ஆட்டத்தோடு பத்து ஆட்டமும் வெற்றி. பென் ஸ்டேட் சீசன் தொடக்கத்தில் நாட்டிலேயே இரண்டாவது இடம், பிறகு வரிசையாகத் தோல்வி. அந்தப் பென் ஸ்டேட் அன்றைக்கு ஜெயிக்கப் பார்த்தது. 36 விநாடி மிச்சம் இருக்கும்போது இண்டியானா குவார்ட்டர்பேக் மெண்டோசா எறிய, ஓமர் கூப்பர் கோட்டுக்கு வெளியே போகிற போக்கில் பிடித்து ஒரு காலை உள்ளே ஊன்றிவிட்டார். 27-24. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், கத்தவும் முடியாது. நேராக பைக்கை எடுத்துக் கடைக்குப் போய், டபராவையும் சீனி டப்பாவையும் கோடாக வைத்து நடித்துக் காட்டினேன்.

பென் ஸ்டேட் மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம் என்றதும் "மண்டைக்காட்டுக் கொடை மாதிரின்னு சொல்லு" என்றார் கடைக்காரர். காலேஜ் பையன்கள் ஆட்டத்துக்கா என்று மாமா கேட்டார். ஆமாம், 2025 ஜூலை மாதத்தில் இருந்து காலேஜே பையன்களுக்கு நேரடியாகச் சம்பளம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது, ஒரு காலேஜுக்கு வருஷம் 20 மில்லியன் டாலருக்குக் கொஞ்சம் மேல் வரைக்கும். அதைவிட அவர்களை வாயடைக்க வைத்தது கோச் கதை. பென் ஸ்டேட் தன் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை அக்டோபர் 12 அன்று அனுப்பிவிட்டது, ஒப்பந்தப்படி பாக்கி சுமார் 49 மில்லியன் டாலர் என்று அப்போது செய்தி. நம் பணத்தில் 400 கோடிக்கு மேல். ஃபுளோரிடா, எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) என்று அதே மாதத்தில் இன்னும் இரண்டு பெரிய காலேஜ்கள் கோச்சை அனுப்பின. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாமா, "வேலைக்கு வராண்டாம்னு சொல்லதுக்கா அவ்வளவு ரூவா? நமக்கு மழை பெய்தா கூலி இல்ல" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை, அடுத்த பேச்சுக்குப் போனோம்.

போக நினைப்பவர்களுக்கு: சொந்தமாகச் சந்தா வேண்டும், கடையில் கிடையாது. குடை, கொசுவத்தி, சில்லறை. ஜிபே உண்டு, ஆனால் அந்த வளைவில் டவர் கிடைத்தால். கழிப்பறை கிடையாது. பேச்சில் கலந்துகொள்ளத் தயாரில்லை என்றால் வீட்டிலேயே பாருங்கள், வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிற ஆளைக் கடைக்காரர் சந்தேகமாகப் பார்ப்பார். ரசவடையை விட்டுவிட்டு பஜ்ஜிக்குக் காத்திருங்கள்.

2025 நவம்பர் 27 அங்கே தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி சொல்லும் பண்டிகை, எனக்கும் லீவு. சீஃப்ஸும் டல்லஸ் கௌபாய்ஸும், நமக்கு வெள்ளிக்கிழமை விடிகாலை 3 மணி. சீஃப்ஸ் ஆட்டம் என்பதால் 5 மணிப் பாட்டை அன்றைக்கு மட்டும் ரேடியோவில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தேன். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். மழை இல்லாவிட்டால் வாசல் பெஞ்சு காலியாக இருக்கும், மழை என்றால் 2.30க்கே வந்துவிடுங்கள்.