1098 சைல்டு லைன்: குழந்தைத் திருமணத்தை நிறுத்த உண்மையிலேயே உதவுதா?

நேரா விஷயத்துக்கு வரேன், உதவுது. ஆனா கல்யாணத் தேதிக்கு முன்னாடியே கூப்பிடணும், விவரம் சரியா சொல்லணும், அதுக்கப்புறம் அந்தப் பொண்ணை விட்டுடக் கூடாது, இந்த மூணும் இருந்தா தான்.

1098ங்கறது ஆபத்துல இருக்குற குழந்தைங்களுக்காக கூப்பிடுற உதவி போன் நம்பர். 1996-ல மும்பைல ஆரம்பிச்ச சர்வீஸ் இது, இப்போ இந்தியா முழுக்க இருக்கு. 2023-ல இருந்து அரசாங்கமே நேரடியா நடத்துது, 112 எமர்ஜென்சியோடயும் இணைச்சுட்டாங்க. 24 மணி நேரமும் இருக்கும், காசு கிடையாது, பேலன்ஸ் இல்லாத போன்ல இருந்தும் கூப்பிடலாம்.

நான் கூப்பிட்டது எங்க தெருவுல பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணுக்காக. தாய்மாமனுக்கே முடிச்சுடலாம்னு பேசிட்டாங்க. பத்திரிகை அடிக்கல, மண்டபம் புடிச்சா வயசு சர்டிபிகேட் கேப்பாங்கன்னு குலதெய்வம் கோயில்ல விடியக்காலை முகூர்த்தம். புள்ள ஸ்கூலுக்கு வராம நின்னு போச்சு, ஏன் வரலன்னு ஸ்கூல்ல ஒருத்தரும் கேக்கல, அது எனக்கு இன்னும் ஆறல.

போன்ல பேசுனவங்க பதட்டப்படுத்தாம ஒவ்வொன்னா கேட்டாங்க, பொண்ணு பேரு, என்ன படிக்குது, வீடு எது பக்கத்துல, கல்யாணம் என்னைக்கு, எந்தக் கோயில். "உங்க பேரு சொல்ல இஷ்டம் இல்லன்னா வேணாம்ங்க"ன்னு அவங்களே சொன்னாங்க. நிறைய பேரு அக்கம்பக்கத்துல பகையாகிடும்னு தான் வாயைத் திறக்க மாட்டேங்குறாங்க, அதனால இதை அழுத்திச் சொல்றேன்.

தேதிக்கு முன்னாடியே சமூக நலத்துறை மேடம் ஒருத்தங்க போலீஸோட வந்துட்டாங்க. பொண்ணோட அப்பா ஜாதகத்தை எடுத்து நீட்டி "பதினெட்டு முடிஞ்சிருச்சும்மா"ங்கறாரு. "ஜாதகம் பொருத்தம் பாக்க வச்சுக்கோங்க, எனக்கு ஸ்கூல் சர்டிபிகேட்டும் பொறப்பு சர்டிபிகேட்டும் காட்டுங்க"ன்னுட்டாங்க, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. அம்மாக்காரி அழுதுகிட்டே "காலம் கெட்டுக் கெடக்கு மேடம், நாளைக்கு எவன் கூடயாவது போயிட்டா நாங்க எப்படி தலை நிமிந்து நடக்குறது"ன்னாங்க. எனக்கு இதுல தான் எல்லாமே இருக்குன்னு தோணுது. வறுமை ஒரு காரணம், இல்லன்னு சொல்லல, ஆனா குடும்பத்தோட மானம் மொத்தத்தையும் ஒரு சின்னப் பொண்ணு தலைல ஏத்தி வச்சுட்டு, அது கீழ விழுந்துடுமோன்னு பயந்து அவ படிப்பையும் உடம்பையும் சேர்த்து பறிக்குறாங்க. பையனுக்கு இப்படி ஒரு பயம் யாருக்கும் வர்றதே இல்லையே.

அப்புறம் மேடம் அந்தப் பொண்ணை மட்டும் தனியா உள்ள கூட்டிட்டுப் போய் பேசுனாங்க. இந்த சர்வீஸ்ல எனக்கு ரொம்பப் புடிச்சது இது தான், அதுவரைக்கும் உனக்கு என்னம்மா வேணும்னு அந்த வீட்டுல ஒருத்தரும் அவளைக் கேக்கவே இல்ல.

சட்டம் பத்தி ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க, அதனால தெளிவா போடுறேன். 2006 குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி பொண்ணுக்கு 18, பையனுக்கு 21. மைனர் பொண்ணைக் கட்டிக்கிற வயசு வந்த ஆம்பளை, நடத்தி வைக்கிறவங்க, தெரிஞ்சே விடுற பெத்தவங்க எல்லாருக்கும் 2 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம். இதுல தெரிஞ்சே விட்டதுக்காக அம்மா மாதிரி பொம்பளைங்களை இந்தச் சட்டத்துல ஜெயில்ல போட முடியாது, "அம்மாவை உள்ள தள்ளிடுவாங்க"ன்னு பயந்து கூப்பிடாம இருக்குற புள்ளைங்களுக்கு இதைச் சொல்லுங்க. மாஜிஸ்ட்ரேட் தடை உத்தரவு போட்ட பிறகும் தாலி கட்டுனா அந்தக் கல்யாணமே செல்லாது.

இப்போ கொறைக்கு வரேன், இது நம்பர் மேல உள்ள கொறை இல்ல, நம்ம மேல உள்ளது. கல்யாணம் பண்ண மாட்டோம்னு பெத்தவங்ககிட்ட எழுதி வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு ஊரே நெனைக்குது. வேற ஊர்ல சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் கமுக்கமா கட்டி வைக்கிறது ரொம்ப சாதாரணமா நடக்குற விஷயம். அந்தப் புள்ள திரும்ப கிளாஸ்ல போய் உக்காந்தா தான் கல்யாணம் நின்னுச்சுன்னு அர்த்தம். அதனால அவ ஸ்கூலுக்குப் போறாளான்னு பாருங்க, திடீர்னு ஆளைக் காணோம்னா மறுபடி கூப்பிடுங்க. வீட்டுல பாதுகாப்பு இல்லன்னா குழந்தைகள் நலக் குழு மூலமா ஹோம்ல தங்கிப் படிக்க வைக்கவும் வழி இருக்கு.

தமிழ்நாட்டுல இதெல்லாம் எங்க நடக்குதுன்னு கேக்குறவங்களுக்கு, 2019-21 தேசிய குடும்பநல சர்வேல 20ல இருந்து 24 வயசுப் பொண்ணுங்கள்ல 12.8 சதவீதம் பேருக்கு 18க்கு முன்னாடியே கல்யாணம் ஆகியிருக்கு. இந்தியா முழுக்க பாத்தா 23.3.

கூப்பிடும்போது கல்யாண இடமும் நேரமும் முக்கியம், "எங்க ஊர்ல ஒரு பொண்ணு"ன்னு மொட்டையா சொன்னா அவங்களால ஒன்னும் பண்ண முடியாது. ஏற்கனவே தாலி கட்டிட்டாங்கன்னாலும் கை கழுவிடாதீங்க, அந்தப் பொண்ணு 20 வயசு முடியறதுக்குள்ள கோர்ட்ல மனு போட்டு கல்யாணத்தை ரத்து பண்ணலாம், ஜீவனாம்சமும் கேக்கலாம், குழந்தை இருந்தா அதோட சட்ட உரிமைக்கு எந்தப் பாதிப்பும் வராது. அவ இன்னும் 18 தாண்டலன்னா அதுக்கும் இதே 1098 தான்.