திட்ட மேலாண்மைப் பயிற்சி ஒன்றின் மதிப்புரை: அட்டவணைக்குக் கிடைத்த இடம் நேர்மைக்குக் கிடைக்கவில்லை

திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி (Project Management Professional) சான்றிதழ்த் தேர்வு எழுத விரும்புவோர் திட்ட மேலாண்மையில் 35 மணி நேரம் முறையாகப் பயின்றிருக்க வேண்டும் என்பது, அச்சான்றிதழை வழங்கும் பிஎம்ஐ (Project Management Institute) அமைப்பின் பொதுவான நிபந்தனை. அந்த மணிக்கணக்கை நிறைவு செய்வதற்கென்றே நடத்தப்படும் இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். தேர்வுக்கு அது நன்றாகவே தயார்செய்கிறது. ஆனால் திட்டங்கள் எதனால் கைகூடுகின்றன, எதனால் கவிழ்கின்றன என்ற கேள்விக்கு அது தரும் விடை அரைகுறையானது என்பதே என் மதிப்பீடு. நான் சுட்டும் குறை எனக்குத் தெரிந்த வேறு பயிற்சிகளிலும் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் நிறைகள். வேலைகளைக் கூறுகூறாகப் பிரித்தல், செலவுக் கணக்கு, கால அட்டவணை ஆகிய பாடங்களில் பயிற்றுநரின் உழைப்பு தெரிகிறது. 1950களின் பிற்பகுதியில் டியூபாண்ட் என்ற அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனத்தில் உருவான கிரிட்டிக்கல் பாத் முறையை அவர் மென்பொருளின் துணையின்றி, வெறும் பலகையில் ஒவ்வொரு வேலையாக எழுதி, முதலில் முன்னோக்கியும் பின்னர் பின்னோக்கியும் நாட்களைக் கூட்டிக் கழித்துக் காட்டிய வகுப்பு இப்பயிற்சியின் சிறந்த பகுதி. எந்த வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் திட்டம் முழுவதும் ஒரு நாள் தள்ளிப்போகும், எந்த வேலைக்கு எவ்வளவு அவகாசம் மீதமிருக்கிறது என்பதை ஒருமுறை கையால் கணக்கிட்டவர், பிறகு வேலைகளைக் காலவரிசையில் பட்டைகளாகத் திரையில் காட்டும் கான்ட் சார்ட்டைக் கேள்வி கேட்காமல் நம்ப மாட்டார். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆட்களைக் கூட்டினால் தாமதம் மேலும் கூடும் என்று கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் சொன்னதற்கும் தெளிவான விளக்கம் கிடைத்தது. ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டிய இணைகள் 10; அதுவே பத்துப் பேரானால் 45.

மதிப்பீட்டுப் பாடத்தில்தான் சறுக்கல் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற கலையரங்கமான சிட்னி ஒபேரா ஹவுஸ் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963இல் முடியும் என்று கணிக்கப்பட்டு, 10 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் 1973இல் திறக்கப்பட்டது. பாடம் இதைத் தவறான மதிப்பீட்டுக்கு எடுத்துக்காட்டாக வைத்துவிட்டு, மிகச் சாதகமான கால அளவு, நிகழ அதிக வாய்ப்புள்ள கால அளவின் நான்கு மடங்கு, மிகப் பாதகமான கால அளவு ஆகியவற்றைக் கூட்டி ஆறால் வகுக்கும் சூத்திரத்துக்குத் தாவிவிடுகிறது. வரைபடங்கள் முழுமை பெறுவதற்கு முன்பே, மக்களின் ஆதரவு மாறிவிடுமோ என்ற கவலையில் அரசு 1959இல் வேலையைத் தொடங்கவைத்ததையும், அவசரமாக எழுப்பிய அடித்தளத் தூண்கள் பின்னர் முடிவான கூரையைத் தாங்காது என்று தெரிந்து அவற்றை மீண்டும் கட்ட நேர்ந்ததையும், வடிவமைப்பாளர் யோர்ன் உட்சோன் 1966இல் விலகியதையும் பாடம் சொல்லவில்லை. அங்கே சூத்திரம் இல்லாததா பிரச்சினை? இன்னும் தயாராகவில்லை என்ற உண்மைக்கு முடிவெடுக்கும் இடத்தில் மதிப்பில்லாமல் போனதே பிரச்சினை. மிகப் பாதகமான கால அளவு என்ற எண் சூத்திரத்துக்குள் தானாக வந்து விழுவதில்லை. குழுவில் ஒருவர் வாய் திறந்து சொன்னால்தான் அது கிடைக்கும். சொன்னால் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தால் அவர் குறைத்தே சொல்வார்.

நிலை அறிக்கை குறித்த பயிற்சி என்னை வருந்தச் செய்தது. அதில் தரப்பட்ட சூழல் இது: மென்பொருளின் பகுதிகளைச் சேர்த்துப் பார்க்கும் ஒருங்கிணைப்புச் சோதனை தொடங்கவேயில்லை. திட்டம் கெடுவுக்கு இரண்டு வாரம் பின்தங்கியிருக்கிறது. நாளை, திட்டத்துக்கு நிதி தரும் ஸ்பான்சருடன் கூட்டம். பச்சை (சரியாகப் போகிறது), மஞ்சள் (கவனம் தேவை), சிவப்பு (சிக்கலில் இருக்கிறது) ஆகியவற்றுள் எந்த நிறத்தைக் குறிப்பீர்கள் என்பது கேள்வி. மாதிரி விடை மஞ்சள் என்கிறது. பக்கத்திலேயே ‘மீட்பு நடவடிக்கை நடைபெற்று வருகிறது’ என்று எழுதச் சொல்கிறது. கேள்வியில் அப்படி ஒரு நடவடிக்கை எங்கும் இல்லை. இல்லாத ஒன்றை இருப்பதாக எழுதுவதற்குப் பெயர் பொய் அல்லவா? உள்ளே சிவப்பாக இருந்தும் வெளியே பச்சையாகக் காட்டப்படும் திட்டங்களைத் தர்ப்பூசணி என்றே இத்துறையில் அழைப்பார்கள்; இங்கே பூசுவது மஞ்சள் என்றாலும் மறைப்பது அதே சிவப்பைத்தான். அப்படி அறிக்கை எழுதும் பழக்கத்தை ஒரு பயிற்சியே ஊட்டுவதை ஏற்க இயலவில்லை. இதைப் பின்னூட்டமாக எழுதி அனுப்பினேன். பாடத்திட்டக் குழுவுக்கு அனுப்புவதாக மரியாதையான பதில் வந்தது. மாதிரி விடை இன்னும் மாறவில்லை.

நாசாவின் சேலஞ்சர் விண்கல விபத்துக்கு ரிஸ்க் மேலாண்மைப் பாடத்தில் கிடைத்தது ஒரே ஒரு ஸ்லைடு: குளிரில் இறுகிப்போன ரப்பர் வளையம், அதனால் ஏற்பட்ட கசிவு. உண்மையில், விண்கலத்தை மேலே உந்தும் பூஸ்டர் ராக்கெட்டில் அந்த வளையம் அடைத்திருந்த இணைப்பு பழுதுபட்டால் விண்கலமும் உயிர்களும் போகும் என்று நாசாவின் பட்டியலிலேயே 1982இல் வகைப்படுத்தியிருந்தார்கள். ஆபத்து பதிவேட்டில் இருந்தது, ஆனாலும் விபத்து நடந்தது. எனவே 1986 ஜனவரி 27 இரவு நடந்த தொலைபேசிக் கூட்டத்தைத்தான் பாடமாக்கியிருக்க வேண்டும். பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் போஜோலி உட்பட, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவக் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். நாசா மேலாளர்கள் அதை எதிர்த்தார்கள். தனியாகப் பேசச் சற்று அவகாசம் கேட்ட நிறுவனம் உள்ளுக்குள் விவாதித்தபோது, பொறியியல் துணைத் தலைவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை அணிந்துகொள்ளுமாறு அவருடைய மேலதிகாரி சொன்னார். பரிந்துரை தலைகீழானது. ஏவுதளத்தில் இருந்த அந்நிறுவனத்தின் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்ட் ஒப்புதல் தாளில் கையெழுத்திட மறுத்தார். அலுவலகத்திலிருந்து வேறொருவர் கையெழுத்திட்டு அனுப்பினார். மறுநாள், ஏவிய 73ஆவது நொடியில் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தனர். விசாரணைக் குழுவின் முன் உண்மையைச் சொன்னதற்காகப் பதவி இறக்கப்பட்ட மெக்டொனால்ட், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பின் மீண்டும் பொறுப்புக்கு வந்து, அதே இணைப்பை மறுவடிவமைக்கும் பணிக்குத் தலைமையேற்றார். கையெழுத்திட மறுப்பது எப்போது கடமையாகிறது என்பதை ஒரு திட்ட மேலாளருக்குக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான வரலாறு எனக்குத் தெரியவில்லை. பயிற்சியில் அவருடைய பெயர்கூட வரவில்லை.

அறம் சார்ந்த தலைமைத்துவத்துக்குக் கடைசி வாரத்தில் சிறிய தனிப் பாடம் இருக்கிறது. பொறுப்பு, மதிப்பு, நியாயம், நேர்மை என்று பிஎம்ஐ நடத்தை விதிகள் வகுத்துள்ள நான்கு விழுமியங்களை வரிசையாகப் படித்துவிட்டு, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் சில வினாக்களுக்கு விடையளித்தால் முடிந்துவிடுகிறது. லஞ்சம் வாங்கலாமா என்று கேட்டால் யாரும் தவறான விடையைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. அன்றாட வேலையில் நேர்மைக்கு வரும் சோதனை அவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை: குழுவிடம் கேட்காமலேயே வாடிக்கையாளருக்குத் தேதி கொடுப்பது, தாமதத்துக்கு அனுபவம் குறைந்தவரைக் காரணம் காட்டுவது, ஆட்களைக் கூட்டினால் பயனில்லை என்று தெரிந்தும் மேலிடத்தைத் திருப்திப்படுத்தத் தலையாட்டுவது. இவற்றில் ஒன்றுகூட வினாக்களில் இல்லை.

விருப்பப் பாடமாக ஒதுக்கப்பட்டிருந்த ஒரு பகுதி மட்டும் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது. உளவியலாளர் கேரி கிளைன் முன்வைத்த ப்ரீமார்ட்டம் என்ற முறை அது. திட்டம் தொடங்குவதற்கு முன்பே, அது படுதோல்வி அடைந்துவிட்டதாக வைத்துக்கொண்டு, அதற்கான காரணங்களை ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தாளில் எழுத வேண்டும். பிறகு ஒருவருக்கு ஒரு காரணம் என்று சுற்றிவர வாசிக்க வேண்டும். தோல்வியை முதலிலேயே ஒப்புக்கொண்டு பேசுவதால், சந்தேகத்தை எழுப்புபவர் உற்சாகத்தைக் கெடுப்பவராகத் தெரிவதில்லை. மூத்தவர்கள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து மௌனமாகிவிடும் இளையவர்களின் கருத்தும் வெளியே வருகிறது. குழுவில் உண்மை பேச வழி செய்யும் நடைமுறை என்று இந்தப் பயிற்சியில் நான் கண்டது இது ஒன்றுதான்.

சேவையைப் பொறுத்தவரை குறையில்லை. வகுப்புப் பதிவுகள் அன்றன்றே கிடைத்தன. சந்தேகங்களுக்குப் பயிற்றுநரே பதில் எழுதினார். மாதிரித் தேர்வுகள் தரமானவை. ஏற்கெனவே குழுக்களை நடத்திய அனுபவத்தோடு சான்றிதழுக்காக மட்டும் படிப்பவர்கள் தயங்காமல் சேரலாம். முதன்முறையாக மேலாளர் பொறுப்பை ஏற்கப்போகிறவர்களுக்கு, நிலை அறிக்கைப் பாடமும் அறப் பாடமும் திருத்தப்படும்வரை இதை நான் பரிந்துரைக்கவில்லை. இதிலேயே சேர வேண்டிய நிலை இருந்தால், அந்த விருப்பப் பாடத்தை முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள்.